மேனேஜரின் பசி

"காலைப் புடி, மெதுவா," என்று யாரோ சொல்ல, அண்ணனைக் கட்டிலிலிருந்து பெஞ்சுக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். தங்கை தலையணையை நகர்த்தினாள். அப்போதுதான் அவள் இடுப்பிலிருந்த மகன் வீறிட்டான்.

"மாமனைத் தேடுது பாரு," என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

தேடத்தான் செய்வான். லாரி ஷெட்டில் மெக்கானிக்காக இருந்த அண்ணன்தான் லீவு நாளெல்லாம் தாயையும் பிள்ளையையும் பைக்கில் சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனவன். ஒன்றரை வயதாகியும் கைக்குழந்தை போலவே இருந்த பையனுக்கு மேனேஜர் என்று பெயர் வைத்ததும் அவன்தான். எதை நீட்டினாலும் பையன் முகத்தைத் திருப்பிக்கொள்வான். "சார் இன்னிக்கும் கையெழுத்துப் போடல," என்று கரண்டியை வைத்துவிட்டு அண்ணன் சிரிப்பான். வெளியே போய்ப் பைக்கைத் துடைக்கும்போது அந்தச் சிரிப்பு இருக்காது.

நேற்று சாயங்காலம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், எழுந்திருக்கவே இல்லை.

பையன் இன்னும் கத்தினான். அவன் பெஞ்சுப் பக்கம் திரும்பவே இல்லை என்பது அவளுக்குச் சட்டென்று உறைத்தது. வாசலில் ஒரு பெரியவர் டீயில் பன்னை நனைத்துக்கொண்டிருந்தார். பையனின் உடம்பு மொத்தமும் அந்தப் பன்னை நோக்கி வளைந்தது.

"எடை அப்புறம் ஏறும்மா," என்று சுகாதார நிலைய நர்ஸ் சொல்லியிருந்தாள். "மொதல்ல பசி வரணும். அவனா கேட்டு அழுதான்னா, பொழச்சுட்டான்னு வெச்சுக்கோ."

அலமாரியில் நிலையத்தில் கொடுத்த வேர்க்கடலைப் பசைப் பாக்கெட்டுகள் இருந்தன. ஒன்றின் முனையை வெட்டி நீட்டினாள். பிடுங்கினான்! இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உறிஞ்சினான். மூச்சு விட நிறுத்தி, அவளை முறைத்துவிட்டு மறுபடி உறிஞ்சினான்.

மாலையோடு உள்ளே வந்த நர்ஸ் அப்படியே நின்றாள்.

"யாரு ஊட்டுனது?"

"யாரும் ஊட்டலக்கா. அவனேதான். அவனேக்கா!"

"கத்தாதடி, சாவு வீடு," என்ற நர்ஸின் குரலே உயர்ந்திருந்தது. "கூடவே தண்ணி குடு. பன்னு கின்னு யாரும் குடுத்துடாதீங்க."

சேதி கூட்டத்துக்குள் ஓடியது. ஷெட்டுப் பையன்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். அழுதுகொண்டிருந்தவர்கள் மூக்கைச் சிந்திவிட்டு, "குடிக்கிறானா? நெசமாவா?" என்றார்கள். எண்ணெய்க் கறை போகாத கையோடு ஒருவன் பெஞ்சருகே குனிந்தான்.

"அண்ணே, சார் கையெழுத்துப் போட்டுட்டாருண்ணே," என்றவன் முடிக்க முடியாமல் வெளியே ஓடினான்.

தங்கை சிரித்துக்கொண்டிருந்தாள். பல் தெரியச் சிரிப்பது, பெஞ்சின் மறுபக்கம் உட்கார்ந்திருந்த அண்ணியைப் பார்த்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. அண்ணி நேற்றிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை, ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. அந்தப் பைக்கில் போனதெல்லாம் அண்ணன் அண்ணியோடு இருந்திருக்க வேண்டிய லீவு நாட்களும்தான்.

"அண்ணி, நான் வந்து..."

பையன் காலிப் பாக்கெட்டை வீசிவிட்டு மறுபடி அலறினான். அவள் அவசரமாக இன்னொன்றை எடுத்தாள். கத்தரிக்கோல் கையிலிருந்து நழுவிப் பெஞ்சுக்கு அடியில் போய் விழுந்தது.

"இங்க குடு," என்றாள் அண்ணி.

வாங்கி, முனையைப் பல்லால் கடித்துக் கிழித்து, பையனிடம் நீட்டினாள். அவளுடைய கீழுதட்டில் பசை கொஞ்சம் ஒட்டியிருந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை.