லைப்மன் சொல்லாத சாபம்

பழைய ஆலயம் இடிந்ததை நினைத்து யூதர்கள் நோன்பிருக்கும் துக்க நாளில், புரோஸ்னிட்ஸ் ஊரின் யூதத் தெருவில் எந்த வீட்டிலும் அடுப்பு எரியாது. அந்த வருஷம் லைப்மன் வீட்டுக் கூரையில் மட்டும் புகை எழுந்தது. அதைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரி ஊரைக் கூட்டிவிட்டாள். தன்னை மீட்பர் என்று சொல்லிக்கொண்டு, கடைசியில் சுல்தானுக்குப் பயந்து மதம் மாறினானே ஒருவன், அவனை இன்னும் ரகசியமாக நம்புகிறவர்கள்தான் அன்றைக்கு விருந்து சாப்பிடுவார்கள்.

யூத குருமார்களான ரப்பிகள் சபையில் கூப்பிட்டுக் கேட்டபோது லைப்மன் வாய் திறக்கவில்லை. காரணம் தனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தாள் மனைவி பிரைன்டல். மகள் ரைஸ்லாவுக்கு வலிப்பு உண்டு. அன்று காலை விழுந்து கிடந்தவளுக்குத்தான் பிரைன்டல் கஞ்சி காய்ச்சினாள். நிச்சயமான பெண், விஷயம் வெளியே போனால் கல்யாணம் நின்றுவிடும்.

ஆனால் ஊர்விலக்கு என்று பேச்சு வந்ததும் அவளால் பொறுக்க முடியவில்லை. சபைக்கே போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

ரப்பி ஸெலிக் மேசையைத் தட்டினார். “நோயாளிக்குக் கஞ்சி குடுக்கறது பாவம்னு எந்த ஏட்டுலய்யா இருக்கு? புகையப் பார்த்தே ஒருத்தன மதத்துரோகின்னு சொல்லிடுவீரா?”

“சரி, கஞ்சிய விடும்,” என்றார் ரப்பி எலியாகிம். “லைப்மன், மீட்பர்னு சொல்லிக்கிட்ட அந்தப் பொய்யன் பேரச் சொல்லி ஒரு தடவ சபிச்சிடு. இப்பவே வீட்டுக்குப் போகலாம்.”

“சொல்லுங்களேன்,” என்றாள் பிரைன்டல். “ஒரு வார்த்தைதானே!”

அவர் சொல்லவில்லை. ரப்பி ஸெலிக் மெல்ல உட்கார்ந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் பிரைன்டல் கேட்டாள். “பொண்ணுக்காகத்தான் வாய மூடிக்கிட்டு இருந்தீங்கன்னு நெனச்சேனே?”

“அவளுக்காகவும்தான்,” என்றார் லைப்மன்.

மாப்பிள்ளை வீட்டார் மறுநாளே ஆளனுப்பி உறவை முறித்துக்கொண்டார்கள். திங்கட்கிழமை தொழுகைக்கூடத்தில் மெழுகுவர்த்திகளை அணைத்து ஊர்விலக்கை வாசித்தார்கள். மகளுக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

“இனிமே தெருவுல விழுந்தாலும் ஒண்ணுமில்லம்மா, மறைக்கறதுக்கு என்ன இருக்கு?” என்றாள் ரைஸ்லா. “யாரும் தூக்க வரமாட்டாங்க, அவ்வளவுதான்.”

விலக்கப்பட்டவனோடு யாரும் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது. அது மனைவிக்குப் பொருந்தாது. ஆனாலும் அன்று பிரைன்டல் அவருடைய தட்டை ஜன்னலோரம் தனியாகக் கொண்டுபோய் வைத்தாள்.