மெர்வின் இடது கண்

ரயிலடியை ஒட்டிக் கோபுரம்போல நிற்கும் கோதுமைக் கிடங்கான சைலோவில் யாருடைய முகத்தை வரைவது என்று எங்கள் வரின்டா ஊர் கூடிப் பேசியபோது, எல்லோரும் மெர்வ் டாஸ்வெல் பெயரைத்தான் சொன்னார்கள். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். வெள்ளத்தில் பேருந்து சிக்கியபோது பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தூக்கிக் கரை சேர்த்தவர். அவர் மட்டும் பீர் கிளாஸின் மேல் குனிந்துகொண்டார்.

காரணம் அவருடைய இடது கண். பிறந்ததிலிருந்தே வெளிப்பக்கம் ஒதுங்கிய மாறுகண்.

மறுநாள் என் பேக்கரியில், சைலோவில் வரைய வந்திருந்த ஓவியர் நெரிடா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மெர்வ் வந்தார்.

"ஒரு உதவி பண்ணும்மா. இந்தக் கண்ணை நேராக்கிடு. போறவன் வர்றவன்லாம் காரை நிறுத்திச் சிரிப்பான்."

"உங்க மூஞ்சி, உங்க இஷ்டம்" என்றாள் நெரிடா.

சைலோவில் வரைந்த அந்த ஒரு கண்ணே என் கடைச் சுவரைவிடப் பெரியது. கிரேன் கூடையில் நின்று வரைபவளுக்கு முழுக்கண் தெரியாது. இறங்கி, தண்டவாளம் வரை நடந்து, திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி ஏறுவாள்.

வேலை முடிந்ததும் ஊரே கூடியது. யாரும் கைதட்டவில்லை.

"யாருடா இவன்?" என்றார் மெர்வின் பழைய சிநேகிதர் கிளிஃப். "இன்சூரன்ஸ் விக்க வந்தவன் மாதிரி இருக்கான்!"

எல்லோரும் சிரித்தோம். மெர்வின் முகம் வாடிவிட்டது. அப்போது ஷோனா முன்னால் வந்தாள். வெள்ளத்தில் அவர் தூக்கி வந்த பிள்ளைகளில் ஒருத்தி. இன்று அவளுக்கே பிள்ளைகள் இருக்கின்றன.

"மெர்வ், அன்னைக்கு என்னைத் தூக்கிட்டு நடந்தீங்கல்ல? ஒரு கண்ணு தண்ணியைப் பாத்துச்சு, இன்னொண்ணு என்னையே பாத்துச்சு. அந்தக் கண்ணைப் பாத்துக்கிட்டேதான் நான் பயப்படாம இருந்தேன். அது எங்க?"

மெர்வ் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"நெரிடா, பெயின்ட் மிச்சம் இருக்கா?"

அவரை என் கடை ஜன்னலோரம் உட்காரவைத்து அவள் வரையத் தொடங்கினாள். முதல் தாளில் கருவிழியை மட்டும் ஓரமாகத் தள்ளினாள். பொம்மைக் கண் போல வந்தது. கிழித்துப் போட்டாள். பிறகு கிட்டப் போய்ப் பார்த்தவள், "அட!" என்றாள். ஜன்னல் வெளிச்சம் விழும் புள்ளி இரண்டு கண்களிலும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் இருந்தது. விழிதான் அதன் அடியில் நகர்ந்திருந்தது. அதனால் இடது கண்ணில் அந்தப் புள்ளி கண்மணியின் நடுவில் இல்லாமல் மூக்குப் பக்கம் நின்றது. அந்தப் பக்கத்து வெள்ளையும் அகலம். மேலிமை லேசாகச் சரிந்திருந்தது.

முதலில் மெர்வ் நெளிந்தார். முகத்தைத் திருப்பப் பார்த்தார். பிறகு அவருடைய தோள்கள் மெல்லத் தளர்ந்தன.

"இவ்வளவு நேரம் யாரும் இதைப் பாத்ததில்லம்மா" என்றார். "சட்டுன்னு வேற பக்கம் திரும்பிடுவாங்க."

"ஆடாதீங்க" என்றாள் நெரிடா.

சைலோவில் கண்ணை மாற்றி வரைந்த அன்று அவர் தன் வண்டியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நானும் கிளிஃபும் பக்கத்தில் நின்றோம். கடைசியாக அந்த வெள்ளைப் புள்ளியை வைத்துவிட்டு அவள் கூடையை இறக்கினாள். சைலோவில் மெர்வ் எங்களைப் பார்த்தார். கூடவே கோதுமை வயல்களையும் பார்த்தார்.

"ஹூம்" என்று நீளமாக மூச்சு விட்டார் வண்டியில் இருந்த மெர்வ். "நான்தான்."

"நீயேதான்டா" என்றார் கிளிஃப். "இனிமே ஒரு கண்ணு இந்த ரோட்டுல, இன்னொண்ணு அந்த ரோட்டுல. எவனும் வேகமாப் போக மாட்டான்."

மெர்வ் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.