ஆறு ஆல்பம், முப்பத்தைந்து நிமிடம்

என் மகளுக்குப் பதினாறு வயது. பேஸ் கிட்டார் வாசிக்கிறாள். சனிக்கிழமைதோறும் அவளையும் அவளைவிடக் கனமான கிட்டார் பெட்டியையும் ஒத்திகைக்குக் காரில் கொண்டுபோய் விட்டுத் திரும்பக் கொண்டுவருவது என் வேலை. முப்பத்தைந்து நிமிடப் பயணத்தில் அவள் பேசுவது இரண்டே சொற்கள். ஏறும்போது "போலாம்", இறங்கும்போது "தேங்க்ஸ்". நடுவில் நான் பேசுவேன். பிரேக் போடுவேன். மறுபடி பேசுவேன்.

அடுத்த மாதம் அவள் குழுவின் டிரம்ஸ் பெண்ணுக்கு லைசென்ஸ் வந்துவிடும். பிறகு அவளோடு போய்விடுவாள். என் டிரைவர் உத்தியோகம் காலி. கையில் மிச்சம் நான்கு சனிக்கிழமைகள். அதற்குள் அவளை ஒரு தடவையாவது பேச வைத்துவிட வேண்டும்.

"அந்தப் பேஸ்காரரப் பத்திக் கேட்டுப் பாருங்க," என்றாள் மனைவி. "அதுக்கு மட்டும்தான் அவ வாயத் தெறக்கறா. நேத்து என்கிட்ட அரை மணி நேரம் பேசினா."

அரை மணி நேரம்! எனக்கு வயிறு எரிந்தது.

பேஸ்காரர் உலகப் புகழ்பெற்ற ராக் குழு ஒன்றைச் சேர்ந்தவர். குழுவின் பாட்டுகள் எனக்கே தெரியும். பல் மருத்துவரின் வரவேற்பறையில் கேட்டிருக்கிறேன். ஆனால் மகளின் கட்சி வேறு. குழுவெல்லாம் சும்மா, அவர் தனியாகப் போட்ட ஆறு ஆல்பங்கள்தான் சரக்காம். ஆறுதானே, கேட்டால் போயிற்று என்று இறங்கினேன்.

நான் லிஃப்ட் மெக்கானிக். பகலெல்லாம் லிஃப்ட் குழியிலும் மொட்டைமாடி மோட்டார் அறையிலும் வாசம். பாட்டுக் கேட்க எனக்கு வேறு நேரமில்லை. ஒயர் இயர்போனை வலது காதில் மட்டும் செருகிக்கொண்டேன். இடது காது என் கூட்டாளி கவுன்டர்வெயிட்டுக்கு. நான் மேலே போனால் அவன் கீழே போவான், நான் ஆம் என்றால் அவன் இல்லை என்பான், அதனால் லிஃப்டுக்கு எதிர்ப்பாரமாகத் தொங்கும் இரும்பின் பெயர். கீழிருந்து அவன் "நிறுத்துங்கண்ணே!" என்று கத்துவது எனக்குக் கேட்காமல் போனால், அவன் மனைவிக்கு யார் பதில் சொல்வது?

முதல் ஆல்பம் எதையோ மறந்துவிட்டுச் சமைத்த குழம்பு மாதிரி இருந்தது. இரண்டாவதில் ஒன்பது நிமிடம் மழைக்கோட்டின் ஜிப்பை ஏற்றி இறக்குகிறார். மூன்றாவதில் வானிலை அறிக்கையைக் கிசுகிசுக்கிறார். எனக்குத்தான் புரியவில்லையோ என்று ஒவ்வொன்றையும் இரண்டாம் முறை கேட்டேன். புரியாதது இரட்டிப்பானது.

"என்னண்ணே, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு? வீட்ல எதாவது?" என்றான் கவுன்டர்வெயிட்.

"நாலாவது ஆல்பம்டா."

"எல்லாம் சரியாயிடும்ணே. நல்ல டாக்டராப் பாருங்க."

இரண்டு சனிக்கிழமைகள் இப்படியே கழிந்தன. மூன்றாவதில், கார் தெருமுனை தாண்டியதும் அறிவித்தேன். "உங்க ஆளோட ஆறு ஆல்பமும் கேட்டுட்டேன்."

ஹெட்போனைக் கழற்றினாள். வருடக்கணக்கில் நான் காணாத காட்சி. "நெஜமாவாப்பா?"

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். "ஆனா ஒண்ணு. பேஸ்காரர்னு பேர வெச்சுக்கிட்டு ஒரு பாட்டுலகூட அவர் பேஸே வாசிக்கலியேம்மா?"

"நீ கேக்கல."

"சத்தியமா கேட்டேன்."

"மொதப் பாட்டே வெறும் பேஸ்தான்ப்பா. நாப்பது செகண்டு."

"அது நாப்பது செகண்டும் சத்தமே இல்லம்மா. போன் ரிப்பேர்னு தட்டித் தட்டிப் பாத்தேன்."

"எங்கியோ ரெண்டு வரி படிச்சிட்டு வந்து எனக்கு ஐஸ் வெக்காத."

ஹெட்போன் மறுபடி ஏறியது. மூன்று வாரம்! லிஃப்ட் கிரீஸும் வானிலை அறிக்கையுமாக மூன்று வாரம் நாய் படாத பாடு பட்டுவிட்டு, கடைசியில் பொய்யன் பட்டம். சிவப்பு விளக்கில் நிறுத்தியதும் வெடித்தேன்.

"ஜிப்பு எத்தனையாவது நிமிஷத்துல மாட்டிக்குது, சொல்லவா? ஆறாவது! வானிலை அறிக்கைல நடுவுல தும்மறாரு! படிச்சா தெரியுமா இதெல்லாம்? காதுல ரத்தம் வந்துச்சும்மா!"

பக்கத்துக் கார்க்காரர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். அவள் மெல்லத் திரும்பினாள். "எதுல கேட்ட?"

சட்டைப்பையிலிருந்து இயர்போனை எடுத்துக் கொடுத்தேன். வலது பக்கம் கிரீஸ் அப்பிக் கறுத்திருந்தது. இடது பக்கம் கடையில் வாங்கிய வெள்ளை.

"ஒரே காதுலயா?"

"இன்னொண்ணு டூட்டில இருந்துச்சு."

"அப்பா, அவர் பேஸ மொத்தமா இடது பக்கம்தான் வெப்பாரு. மத்ததெல்லாம் வலது பக்கம். ஆறு ஆல்பத்துலயும் அப்படித்தான்."

ஆக, அந்த மனிதரை மட்டும் விட்டுவிட்டு மற்ற சகலத்தையும் இரண்டிரண்டு முறை கேட்டிருக்கிறேன்.

ஒத்திகை மண்டபத்தின் முன் காரை நிறுத்தினேன். இன்னும் நேரம் இருந்தது. அவளே இயர்போனை என் இரு காதுகளிலும் செருகி முதல் பாட்டைப் போட்டாள். வந்தது. மோட்டார் அறையில் லிஃப்ட் கிளம்பும்போது உள்ளங்காலில் ஏறுமே ஓர் அதிர்வு, அது மாதிரி.

"நல்லாருக்கு," என்றேன். அது உண்மை. அதோடு என் வாய் நிற்குமா? "ஆனா மத்த பாட்டுலெல்லாம் அவர் ஏம்மா பாடறாரு? பாடாதய்யான்னு சொல்ல வீட்ல ஒருத்தர்கூடவா இல்ல?"

தொலைந்தேன் என்றே நினைத்தேன். அவளோ மண்டபக் கதவை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"எங்க பேண்ட்லயும் என்னத்தான் பாடச் சொல்றாங்கப்பா."

"நல்லதுதானே?"

"எனக்குப் பாட வராது. சொன்னா ஒருத்தியும் கேக்க மாட்டேங்கறா. போன வாரம் மேல் ஸ்தாயில குரல் கிரீச்சுன்னு போச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். வீட்டுக்கு வந்து பாத்ரூம்ல அழுதேன்."

போன வாரம் வீடு திரும்பும் வழியெல்லாம் இதே இருக்கையில்தான் இருந்தாள். நான் டயர் விலையைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டு வந்தேன்.

மண்டபக் கதவு திறந்தது. யாரோ கையசைத்தார்கள். அவள் இருக்கையில் சரிந்து குனிந்துகொண்டாள்.

"ஒரு ரவுண்டு போயிட்டு வரலாமாப்பா? இன்னும் நெறய இருக்கு சொல்ல."

நான் வாயைத் திறந்தால் கெட்டுவிடும். கியரை மட்டும் போட்டேன்.