கறித்தூள் வாளிக்குள் ஒரு சோடி காப்பு

கரண்டி எதிலோ போய் முட்டியது. கறித்தூளுக்குள் முட்டுவதற்கு என்ன இருக்கிறது என்று கையை விட்டுத் துழாவினேன். என் காப்புச் சோடி வந்தது.

சனிக்கிழமை பகல். ஜேர்மனியில், பீலெஃபெல்ட் நகரில் எங்கள் குசினியில் ஆட்டிறைச்சி அடுப்பில் வெந்துகொண்டிருந்தது. தொலைந்த நகை கிடைத்தால் மற்றவர்கள் சந்தோஷத்தில் கத்துவார்கள். நான் கத்தவில்லை. அந்தக் காப்பை ஒரு பெண் திருடிவிட்டாள் என்று மூன்று வாரத்துக்கு முன்னர் நான் ஊரைக் கூட்டியிருந்தேன்.

அது எங்கள் முப்பதாவது கலியாண நாளுக்கு மகள் நிலக்சி ஒழுங்குசெய்த பயணம். தாய்லாந்தில் சியாங் மாய் என்ற பழைய நகரம். சுற்றிவர அகழி, இடிந்த செங்கல் மதில், உள்ளே திரும்பிய பக்கமெல்லாம் புத்த கோயில். மதிலுக்கு உள்ளே, தேக்கு மரத்தால் கட்டிய ஒரு ஹோட்டல். பன்னிரண்டே அறைகள். முற்றத்தில் சின்ன நீச்சல் குளம். போய் இறங்கியதும் எலுமிச்சை வாசம் வீசும் சேரைப்புல் போட்ட குளிர்ந்த தேநீர் தந்தார்கள்.

நான் பத்தொன்பது வருடமாக ஹோட்டலில் வேலை செய்கிறவள். ஹோட்டலில் தங்கியவள் அல்ல. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டலில் அறை துப்புரவாக்கத் தொடங்கி, இன்று எட்டுப் பெண்களை வைத்து வேலை வாங்குகிறேன். அதனால் அங்கே அறைக்குள் போனதும் முதல் வேலையாக அலுமாரிக்கு மேலே விரலால் தடவிப் பார்த்தேன். தூசி இல்லை. கட்டில் விரிப்பின் மூலை மடிப்பு என் பெண்களுடையதைவிட நேர்த்தியாக இருந்தது. எனக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது.

அறை துப்புரவாக்க வந்தவளின் பெயர் பிம். முப்பது வயது இருக்கும். முதல் இரண்டு நாளும் அவள் வருமுன்னரே கட்டிலை நானே விரித்துவிட்டேன். அவள் அதைப் பார்த்துச் சிரித்தாள். மூன்றாம் நாள் விரிக்கவில்லை. நான்காம் நாள் ஈரத் துவாயை நிலத்தில் போட்டுவிட்டு வெளியே போனேன். வேண்டுமென்றேதான். பத்தொன்பது வருடமாக மற்றவர்களின் துவாயைக் குனிந்து எடுத்தவளுக்கு அது எவ்வளவு சுகம் என்று சொன்னால் வெட்கக்கேடு.

ஐந்தாம் நாள் எண்ணெய் மசாஜ். நகை போட்டுக்கொண்டு வரவேண்டாம் என்றார்கள். அறையில் இரும்புப் பெட்டகம் இருந்தது. ஆனால் அதை வரவேற்பறைக்காரர் இன்னொரு இலக்கத்தைப் போட்டுத் திறக்கலாம் என்பது என்னைப் போன்றவர்களுக்குத் தெரியும். காப்பைக் கழற்றித் தலையணைக்கு அடியில் வைத்தேன்.

"காந்தி, நேரம் போட்டுது, வாருமப்பா!" என்று இவர் வாசலில் நின்று கத்தினார். இவர் என் கணவர் மகேந்திரராஜா. கறித்தூள் இல்லாமல் இவருக்குச் சோறு இறங்காது. அதற்காகவே துருக்கிக் கடை யோகட் வாளி ஒன்றில் தூள் நிரப்பிக்கொண்டு போயிருந்தோம். நான் வாசல்வரை போய், திரும்பி ஓடிவந்து, காப்பை எடுத்து அந்தத் தூளுக்குள் புதைத்தேன். இங்கே ஜேர்மனியில் எங்கள் ஆட்களின் வீடுகளை நகைக்காக உடைக்கத் தொடங்கிய காலத்திலிருந்து வந்த பழக்கம். தூளுக்குள் கை விடுகிற கள்ளன் இன்னும் பிறக்கவில்லை.

இதெல்லாம் இன்றைக்குத்தான் ஞாபகம் வருகிறது. அன்றைக்கு மசாஜ் முடிந்து, பின்னேரம் முழுக்கத் தூங்கி எழும்பியபோது என் தலைக்குள் தலையணை மட்டும்தான் இருந்தது. இரவோடு இரவாக இவருக்கு வயிறு குழம்பியது. மிச்ச நாள் முழுக்க வெறும் கஞ்சி. வாளியைத் திறக்கவேண்டிய தேவையே வரவில்லை. மூடியபடியே வீட்டுக்குத் திரும்பி வந்தது; வீட்டுத் தூள் முடிந்து இன்றைக்குத்தான் திறந்தேன்.

அடுத்த நாள் காப்பைத் தேடினேன். தலையணை உறை மாற்றப்பட்டிருந்தது. காப்பு இல்லை. மேலாளர் நல்ல பொடியன், "தேடிப் பார்ப்போம், அம்மா" என்றுதான் சொன்னான். நான் விடுவேனா? நானும் இதே தொழில்தான், முதலில் துப்புரவு செய்தவளின் பையைத் திறந்து பார், அதுதான் முறை என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அவனுக்குப் பாடம் எடுத்தேன். பொலிசுக்குப் போகாமல் விட்டதை என் பெரிய மனது என்று வேறு நினைத்துக்கொண்டேன்.

பிம் தானே பையைக் கொண்டுவந்தாள். வரவேற்பு மேசையில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். சாப்பாட்டுப் பெட்டி. கைபேசி வயர். தைலக் குப்பி. வார் அறுந்த ஒரு குழந்தைச் செருப்பு. பிறகு மேலங்கிப் பொக்கற்றையும் வெளியே இழுத்துக் காட்டினாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் கள்ளி என்று நினைத்திருப்பேன். அழவில்லை என்பதற்காகவும் அப்படித்தான் நினைத்தேன்.

இன்று குசினியில் நின்றபடியே, "இஞ்சருங்கோ!" என்று கூப்பிட்டேன். இவர் வந்து என் கையைப் பார்த்தார். முகம் மலர்ந்து, உடனேயே சுருங்கியது.

"சரி, கிடைச்சிட்டுதெல்லே. இனி ஏன் அதைக் கிண்டுறீர்? கழுவிப்போட்டு உள்ளுக்கு வையும்."

"அந்தப் பிள்ளையின்ரை வேலை போயிருந்தால்?"

"போயிருந்தால் இனி என்ன செய்யேலும்? வெளியிலை தெரிஞ்சால் மானம் போகும்."

எனக்குச் சுள்ளென்று ஏறியது. "அவளின்ரை மானத்தை மேசையிலை கொட்டிப் பாத்தனான். நீங்கள் என்ரை மானத்தைப் பற்றிக் கதைக்கிறியள்."

சத்தம் கேட்டு நிலக்சி வந்தாள். விஷயத்தைச் சொன்னேன். "மெயில் ஒண்டு போடுவமே அம்மா?" என்றாள்.

"மெயிலுக்குப் பின்னாலை ஒளிக்கலாம், பிள்ளை. முகத்தைப் பாத்துச் சொல்லவேணும். எடு."

அங்கே மாலை நேரம். கைபேசித் திரையில் மேலாளர் வந்தான். பிம் இன்னும் வேலையில் இருக்கிறாளா என்று கேட்கச் சொன்னேன்.

"இருக்கிறாவாம் அம்மா. இப்பதான் வேலை முடிஞ்சு வெளிக்கிடுறாவாம்."

எனக்கு மூச்சு வந்தது. குற்றம் செய்தவளுக்கு முதலில் நிம்மதிதான் வருகிறது, பாருங்கள்.

பிம்மைக் கூப்பிட்டார்கள். தூள் அப்பிய காப்பை அப்படியே தூக்கிக் காட்டினேன். "நான்தான் ஒளிச்சு வைச்சனான், நான்தான் மறந்தனான். உங்களிலை ஒரு பிழையுமில்லை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றேன். நிலக்சி அதை ஆங்கிலத்தில் சொன்னாள், மேலாளர் தாய் மொழியில் சொன்னான். பிம் காப்பைப் பார்த்தாள். கைகூப்பி ஏதோ சொன்னாள்.

"கிடைச்சது நல்லதாம் அம்மா. நீங்கள் அங்கையிருந்து வெளிக்கிட்ட பிறகும் மூண்டு நாள் தேடினவவாம். குளியலறைக் குழாயைக்கூடக் கழட்டிப் பாத்தவவாம்."

பிம் திரும்பினாள். போகப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் தன் பையை மேசையில் வைத்து அதன் வாயை அகலத் திறந்தாள். மேலாளர் தலையைக் குனிந்துகொண்டு மெதுவாக ஏதோ சொன்னான். நிலக்சி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்னவாம்?"

"அண்டைக்குப் பையைக் காட்டின நாளிலையிருந்து ஒவ்வொரு நாளும் போகேக்கை இப்பிடிக் காட்டிப்போட்டுத்தான் போறாவாம். வேண்டாமெண்டாலும் கேக்கிறாவில்லையாம்."

"இனித் தேவையில்லையெண்டு சொல்லு பிள்ளை. நான் சொன்னதெண்டு சொல்லு."

சொன்னார்கள். பிம் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினாள். பிறகு பையைத் தூக்கிக் கைபேசிக்கு நேரே, எனக்குத் தெரியும்படி பிடித்தாள். அடியும் தெரியட்டும் என்று சாப்பாட்டுப் பெட்டியை ஒரு கையால் ஒதுக்கினாள். வயர் கிடந்தது. தைலக் குப்பி கிடந்தது.

"வேண்டாம், வேண்டாம்" என்று தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். அவளுக்கு அது விளங்கவில்லை. பின்னால் இறைச்சி அடிப்பிடிக்கிற மணம் வந்தது. பார்த்துவிட்டேன் என்று நான் தலையாட்டும்வரை அவள் பையை மூடவில்லை.