கறை எடுத்த பனியன்

தரணி என்ன வேலை பார்க்கிறாள் என்று கேட்டால் அவளுடைய சொந்தக்காரர்கள் யாருக்கும் சொல்லத் தெரியாது. படம் வரைவாள், வீடியோ எடுப்பாள், துணியைத் தைத்துத் தொங்கவிடுவாள், தறிச் சத்தத்தைப் பதிவு செய்து இருட்டறையில் ஓடவிடுவாள். நாலைந்து வருடமாக மற்றவர்களின் படைப்புகளையும் தேர்ந்தெடுத்துக் கண்காட்சி அமைக்கிறாள். அதற்குக் கியூரேட்டர் என்று பெயர். கல்யாண வீடுகளில் யாராவது விசாரித்தால், எக்ஸ்போர்ட் மாதிரிதான், வெளிநாட்டுக்கெல்லாம் போகிறது என்று அவள் அம்மா பூவாத்தாள் பேச்சை முடித்துவிடுவாள். யோசித்துப் பார்த்தால் அதில் பெரிய பிழையும் இல்லை.

தரணிக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது ஒரு வெள்ளைப் பனியன். பூவாத்தாள் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் தைத்துக்கொண்டிருந்த காலத்தில், ஒருநாள் மெஷின் ஊசி ஆள்காட்டி விரலைத் துளைத்துக்கொண்டு இறங்கிவிட்டது. தைத்துக்கொண்டிருந்த பனியன் முழுக்க ரத்தம். இனி விற்க முடியாது என்று அதை அவளிடமே கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பல வருடம் கழித்துத் தரணி அதைப் பீரோவின் அடியிலிருந்து எடுத்து, ஒரு வெற்றுச் சுவரில் ஒற்றை ஆணியில் மாட்டினாள். அவ்வளவுதான். கொச்சி, பெர்லின், சியோல் என்று பனியன் ஊர் ஊராகச் சுற்றியது. போன இடமெல்லாம் அவளும் போய் அந்த விரலின் கதையைச் சொன்னாள். முதல் தடவை சொன்னபோது பாதியில் அழுதுவிட்டாள். பிறகு எந்த இடத்தில் நிறுத்தினால் கூட்டம் அமைதியாகும் என்பது பழகிப்போனது. இப்போதெல்லாம் வாய் தன் பாட்டுக்குச் சொல்லும். அவள் தண்ணீர் பாட்டிலை எங்கே வைத்தோம் என்று தேடிக்கொண்டிருப்பாள்.

இந்த முறை சொந்த ஊரில் கண்காட்சி. பல்லடம் ரோட்டில் பனியன் துணி பின்னுகிற நிட்டிங் ஷெட் ஒன்று மூடிக்கிடந்தது, அதை வாடகைக்குப் பிடித்திருந்தாள். மறுநாள் காலை ஒரு வெளிநாட்டு அருங்காட்சியகத்திலிருந்து ஓர் அம்மாள் வருவதாக இருந்தது. பனியன் பிடித்துப்போனால் நிரந்தரமாக வாங்கி வைத்துக்கொள்வார்கள். அது நடந்தால் தரணியின் பெயர் நிலைத்துவிடும். நடக்காவிட்டால் நாற்பது தாண்டிய வயதில் மறுபடி வாசல் வாசலாக ஏறி இறங்க வேண்டியதுதான்.

அம்மாவிடம் அவள் சொன்னது ரொம்பக் கொஞ்சம். நாளைக்கு வெளிநாட்டிலிருந்து வாங்க வருகிறார்கள், துணிகளைக் கொஞ்சம் பார்த்து எடுத்து வையுங்கள் என்றாள். அடிபட்ட கை பழைய வேகத்துக்கு வராமல், அதற்குப் பிறகு வேலையை விடும்வரை பிசிறும் கறையும் பார்க்கிற செக்கிங் டேபிளில் நின்றவள் பூவாத்தாள். சரக்கு வாங்குகிற பையர் வருகிறார் என்றால் என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கூட வேலை பார்த்த மருதாளையும் துணைக்கு ஷெட்டுக்குக் கூப்பிட்டுக்கொண்டாள். தரணி லைட் போட வந்தவர்களோடு மல்லுக்கட்டிவிட்டு வருவதற்குள், பனியன் பிசிறு வெட்டி, இஸ்திரி போட்டு, பாலிதீன் பைக்குள் போயிருந்தது. பளிச்சென்று இருந்தது. பக்கத்தில் கறை எடுக்கும் மருந்து அடிக்கிற துப்பாக்கி கிடந்தது.

தரணி பையைப் பிரித்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். கத்தியிருக்க வேண்டும். அழுகையாவது வந்திருக்க வேண்டும். ஒன்றும் வரவில்லை. பஸ்ஸைத் தவறவிட்டவள் போல நின்றாள்.

"கறை எங்கீங்கம்மா?"

"எடுத்துப்போட்டேன் கண்ணு. லேசுல போகவே இல்ல. நானும் மருதாளும் மாத்தி மாத்தி அடிச்சோம். அதோட காட்டுனா பையர் ரிஜெக்ட் பண்ணிப்போடுவாங்கல்ல?" பூவாத்தாளின் முகத்தில் அத்தனை பெருமை.

தரணி விளக்கினாள். அந்தக் கறையைப் பார்க்கத்தான் அத்தனை ஊரிலும் ஆட்கள் வந்தார்கள், கறை போனபின் அது வெறும் பனியன், நாளைக்கு வருகிறவர் திரும்பிப் போய்விடுவார் என்றாள். மேடையில் பேசும் அதே குரலில், நிறுத்த வேண்டிய இடங்களில் நிறுத்திச் சொன்னாள். கேட்கக் கேட்க அம்மாவின் முகம் சுருங்கிப்போனது.

"நாந் தெச்ச தையலத்தான் எல்லாரும் பாக்கறாங்கன்னு நெனச்சிட்டு இருந்தனே" என்றாள்.

 பிறகு மகளின் கையிலிருந்த பனியனை வாங்கி மேஜைமேல் விரித்தாள். வளையலில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றினாள்.

"கறதான் வேணுமா? அதுக்கென்ன கண்ணு. எங்க இருந்துதுன்னு எனக்குத் தெரியாதா. அந்த வெரல்ல இப்ப வலியுந் தெரியறதில்ல."

ஊக்கின் முனை விரல்மேல் நின்றது. சொல்லு என்பதுபோல மகளை நிமிர்ந்து பார்த்தாள்.

தரணி ஜன்னல் பக்கம் பார்த்தாள். வெயில் இன்னும் மிச்சம் இருந்தது. புது ரத்தம் காய்ந்து பழுப்பேற ஒரு ராத்திரி போதுமா என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தாள்.

மருதாள்தான் எட்டி ஊக்கைப் பிடுங்கினாள். பூவாத்தாள் மகளின் முகத்தைப் பார்த்தபடியே, நீட்டிய விரலை மெல்ல மடக்கிக்கொண்டாள்.