பிடுங்க வராத பியூஸ் கட்டை

...எடுத்துட்டேன் என்று ஏன் சொன்னாள், ஒன்றுதானே கையில் இருக்கிறது, வெள்ளைப் பீங்கான் பியூஸ் கட்டை, உள்ளங்கை வியர்வையில் வழுக்கிக்கொண்டு... இன்னொன்று மீட்டர் பலகையிலேயே கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறது, இழுத்துப் பார்த்ததில் அம்சாவுக்கு நகம் பிய்ந்ததுதான் மிச்சம். அந்த நேரம் பார்த்துத்தான் உள்ளறையிலிருந்து புருஷன் கேட்டார், "ரெண்டையும் எடுத்துட்டியா?" "எடுத்துட்டேங்க." வாய் தானாகச் சொல்லிவிட்டது. வரவில்லை என்றால், ஒரு கட்டையைப் பிடுங்கக்கூடத் துப்பில்லையா என்பார், அந்தத் துப்பில்லையைப் பிள்ளை பெறாததற்காக வருஷக்கணக்கில் கேட்டுக் கேட்டு... ஆனால் காலையில் கூழ் குடித்துக்கொண்டே எவ்வளவு நிதானமாகச் சொன்னார், மெயின் சுவிட்சு உடைந்துவிட்டது, யுத்தம் முடியாமல் புதுசு கிடைக்காது, அதனால் இரண்டு கட்டையையும் பிடுங்க வேண்டும், ஒன்றை மட்டும் பிடுங்கினால் பல்பு எரியாது, ஆனால் ஒயரில் கரண்டு நிற்கும், தொட்டால் ஆளையே அடித்துவிடும் என்று. அவள் தலையாட்டினாளே, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி.

உள்ளே ஒரு ஸ்குரூ பித்தளைத் தட்டில் விழுந்தது. சுவரின் அடியில் குந்தி உட்கார்ந்திருப்பார், வெறும் காலோடு, அவள் கழுவிவிட்ட தரை இன்னும் காயவில்லை... விழுப்புரத்தில் வேறு யார் வீட்டில் இப்படிச் சாக்கெட் இருக்கிறது, பாண்டிச்சேரி வியாபாரி கட்டிய வீடு, பிரான்சிலிருந்து கப்பலில் வந்ததையெல்லாம் பதித்துவிட்டுப் போய்விட்டான், இரண்டே இரண்டு சின்ன ஓட்டை. நேற்றுத் திண்டிவனத்திலிருந்து ரயிலில் வந்த மேஜை விசிறியின் பிளக்குக்கோ தடித் தடியாக மூன்று கால். பொருந்தவில்லை என்றதும் அவளுக்குள் ஏதோ குளிர்ந்தது, வெட்கமாகக்கூட இருந்தது. வயர்மேனைக் கூப்பிடலாமே என்றாள், கூட்ஸ் ஷெட்டில் வேலை பார்க்கிறவனுக்கு இது தெரியாதா என்று தானே பழைய மூன்று ஓட்டைச் சாக்கெட் ஒன்றை வாங்கி வந்து மாற்ற உட்கார்ந்துவிட்டார். தை மாசம் அவருக்கு இரண்டாம் தாரமாக வரப்போகிறவள், சின்னக்கண்ணு, அவள் அப்பா முன்கூட்டியே அனுப்பிய சீர் அந்த விசிறி. காற்று இல்லாவிட்டால் பெண்ணுக்குத் தூக்கம் வராதாம். ராத்திரி இதைச் சொல்லிவிட்டு அவர் சமாதானம் போலச் சொன்னார், "நீயும் நடையில பாய் போட்டுக்கினு படு, கதவைத் தொறந்து வெச்சா உனக்கும் காத்து வரும்." நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். அதுதான் பொறுக்கவில்லை.

"பல்பு எரியல, கரண்டு செத்துப்போச்சு," என்று உள்ளே தனக்குத்தானே பேசிக்கொள்கிறார். இல்லை, சாகவில்லை... மறுபடி கட்டையைப் பற்றி இழுத்தாள், முந்தானையைச் சுற்றிக்கொண்டு இழுத்தாள், அசையவே இல்லை. இரண்டாவது ஸ்குரூ விழுந்தது, இனி மூடியைக் கழற்றுவார், கை உள்ளே போகும்... போனால்? தை மாசம் வராது, திண்டிவனத்துப் பெண் வேறு வீட்டுக்குப் போவாள், இந்த வீட்டில் யாரும் நடையில் படுக்க வேண்டாம்... சீ, என்ன நினைப்பு இது, யார் நினைக்கிறது இதை? கழுத்தில் கிடக்கும் தாலி? அவளுக்குத் தாலியும் தெரிந்தது, அதற்கப்பால் வெறிச்சென்று ஒரு வீடும் தெரிந்தது, அந்த வீட்டை அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரம்? "என்னங்க," என்றாள். ஜங்ஷனில் இஞ்சின் பெட்டிகளை இடித்து நகர்த்துகிற சத்தம், அவளுக்கே கேட்கவில்லை. "என்னங்க..." இந்த ஊரில் எல்லாப் பெண்களும் எல்லாப் புருஷனையும் கூப்பிடுகிற சொல், அதற்கு யார் திரும்புவார்கள்? பீங்கான் மூடி தரையில் வைக்கப்படும் ஓசை.

"தாண்டவராயா, கைய எடு."

சத்தம் நின்றது. அவர் கதவருகே வந்து நின்றார், கையில் ஸ்குரூ டிரைவர், முகம் சிவந்து. "யாரைடி பேர் சொல்லிக் கூப்பிடறே? அக்கம்பக்கத்துல கேட்டுக்கினு இருப்பாங்க." ஒரு கட்டை வரலை என்றாள். அவர் பலகையைப் பார்த்தார், அவள் கையைப் பார்த்தார், சட்டென்று முகம் வெளுத்தது. குறட்டால் கட்டையை இரண்டு பக்கமும் நெம்பிப் பிடுங்கி அவள் கையில் திணித்துவிட்டு, இன்னொரு தடவை பேர் சொன்னால் பல்லைத் தட்டிவிடுவதாகச் சொல்லிக்கொண்டே உள்ளே போனார். அவள் பயம் வரட்டும் என்று காத்திருந்தாள், அழுகையாவது வரட்டும் என்று... வரவில்லை. உதட்டுக்குள் அந்தப் பேரை மறுபடி சொல்லிப் பார்த்தாள், தாண்டவராயன், தாண்டவராயன், இத்தனை வருஷம் நெஞ்சில் பொத்தி வைத்திருந்ததாக நினைத்த பேர், சொன்னால் என்னமோ ஆகிவிடும் என்று நினைத்த பேர்... தெருவில் போகிற யாரோ ஒருவரின் பேர் மாதிரி இருந்தது. உள்ளே கை வைக்கப்போனது யாராக இருந்தாலும் கூப்பிட்டுத் தடுத்திருப்பாள்தான். அப்படியானால், அதற்கு முன்னால் கூப்பிடாமல் நின்ற அந்தக் கொஞ்ச நேரம்?