முப்பதுக்குப் பதினொன்று

தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து பிழைத்து வருகிறவர்களின் நினைவாற்றலைச் சோதித்து மதிப்பெண் போடுவது என் வேலை. காசாபிளாங்காவில் ஒரு பெரிய மருத்துவமனை.

இஜ்ஜா பத்தொன்பது நாள் சுவாசக் கருவியில் கிடந்தவள். மலைக்காரி, பேசுவது ஷில்ஹா. என் தாய்மொழியும் அதுதான். ஆனால் எனக்கு அந்த மொழி வரும் என்பது அங்கே யாருக்கும் தெரியாது. மலையிலிருந்து வந்தவர்கள் பலரும் மளிகைக்கடை வைத்திருப்பதால், ஷில்ஹா பேசுகிறவனைக் கண்டால், "அரைக் கிலோ சர்க்கரை கட்டுப்பா" என்று கேலி செய்வார்கள். ஆறு வருடமாக நானும் அந்தக் கேலிக்குச் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

"இங்க யாருக்காவது ஷில்ஹா வருமா?" என்று டாக்டர் நவால் கேட்டார். நான் கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

அவளுக்குச் சரியாக வராத அரபியிலேயே சோதனைக் கேள்விகளைக் கேட்டேன். மிருகங்களின் பெயர் சொல்லச் சொல்லிச் சைகை காட்டினேன். இஜ்ஜா வெள்ளாடு, கழுதை, முள்ளம்பன்றி என்று ஷில்ஹாவில் அடுக்கிக்கொண்டே போனாள். எல்லாம் புரிந்தது. அந்தக் கேள்விக்குப் பூஜ்யம் போட்டேன். மொத்தம் முப்பதுக்குப் பதினொன்று.

அவளைத் தனியே அடுப்புப் பக்கம் விடக்கூடாது, அறிவு மங்கிவிட்டது என்று டாக்டர் அவள் கணவன் ஹம்மூவிடம் சொன்னார். மறுநாள் ஹம்மூ அவள் கட்டிலருகே நின்று ஷில்ஹாவில் பேசினார்.

"உன்னை உங்க அண்ணன் வீட்ல விட்டுடறேன். புள்ளைங்களை நான் பாத்துக்கறேன்."

"எனக்கு என்ன ஆச்சுன்னு அனுப்பறீங்க? அந்தாளு கேட்டதே எனக்கு விளங்கல."

அடுத்த கட்டிலருகே நின்ற எனக்கு அது கேட்டது. அருகே போய் ஷில்ஹாவில் சொன்னேன். "அக்கா, நான் மறுபடி கேக்கறேன்."

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அன்னைக்கும் உனக்குப் புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது."



இம்முறை இருபத்திரண்டு. ஞாபகம் வைக்கச் சொன்ன ஐந்து சொற்களில் மூன்று அவள் மொழியிலும் வரவில்லை. நோய் அவளிடமிருந்து எடுத்துக்கொண்டது அவ்வளவுதான். மீதியை எடுத்தது நான். டாக்டரிடம் உள்ளதைச் சொன்னேன். "உனக்கு ஷில்ஹா தெரியுமா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, பழைய மதிப்பெண் தாளை என் கையாலேயே குறுக்கே கோடு போட்டு அடிக்கச் செய்தார். அன்று யாரும் என்னைக் கேலி செய்யவில்லை. செய்திருந்தால் தேவலை.

ஹம்மூ அவளைத் தன் வீட்டுக்கே அழைத்துப் போனார். ஒரு மாதம் கழித்து வரச் சொல்லி ஷில்ஹாவில் சொன்னேன். அவள் தனக்குத் தெரிந்த சொற்ப அரபியில், "நன்றி, ஐயா" என்றாள்.